சான்றுப்பொருளாக நின்ற பசு

பொலிஸிலிருந்து அழைப்பு வந்தால் நான் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொள்வேன். அரசாங்க மிருக வைத்தியராக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. நாய்க்கு ஊசி போடவோ கோழிக்கு மருந்து கொடுக்கவோ பொலிஸ் என்னைக் கூப்பிடுவதில்லை. அவர்கள் கூப்பிட்டால் மாட்டு லொறி ஒன்று பிடிபட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். மாட்டு லொறி என்றால் கால் வைக்க இடமில்லாமல் சாணியும் மூத்திரமும்தான்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வலிகாமத்தில் எங்கள் அலுவலகத்திலிருந்து பொலிஸ் நிலையம் அதிக தூரமில்லை. உதவியாளர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வர, நான் ஸ்கூட்டியில் போய் இறங்கினேன். விடியப்புறம் வீதித் தடையில் மறித்த லொறி முற்றத்தில் நின்றது. மேலே படங்கு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பின்கதவைத் திறந்த கான்ஸ்டபிள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்.

உள்ளே மாடுகள் நின்றன என்று சொல்ல முடியாது. ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருந்தன. இரண்டு லொறியில் ஏற்ற வேண்டியவற்றை ஒன்றுக்குள் அடைத்திருந்தார்கள். தலை அசைக்க முடியாதபடி கழுத்துக் கயிறுகளை மேல் பலகையோடு கட்டியிருந்ததால் ஒன்றாலும் படுக்க முடியவில்லை. நடுவில் நின்ற இளங்காளை, நாம்பன் ஒன்று, செத்துப்போய்க் கயிற்றில் தொங்கியது. மற்றவை அதன்மேல் சாய்ந்து நின்றன.

லொறிக்காரர் மதிலோரம் குந்தியிருந்தார். நாற்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து மடித்துக் கட்டியிருந்த சாரத்தை மரியாதையாக இறக்கிவிட்டார்.

"மிஸ், எல்லாம் காசு குடுத்து வாங்கின மாடுகள். பெர்மிற் எடுக்கத்தான் சுணங்கிப்போச்சு."

"ஒண்டு செத்துப்போச்சு, தெரியுமோ?"

"உதுகள் ஒண்டையொண்டு மிதிக்கும் மிஸ். நாங்கள் என்ன செய்யிறது?"

இப்படியான கேள்விகளுக்குப் பதில் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டேன்.

பலகை வைத்து ஒவ்வொன்றாக இறக்கினோம். கால் மரத்துப்போன மாடுகள் இறங்கியதும் விழுந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக் காயங்களை எழுதிக்கொண்டு வந்தேன். கடைசியாக இறங்கியது ஒரு செம்மாடு. பசு. மடி கல்லுப்போல இறுகி, காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இடது காதில் இலக்கத் தகடு இருந்த இடம் புதிதாகக் கிழிந்து இரத்தம் காய்ந்திருந்தது. காசு கொடுத்து மாடு வாங்கியவன் காதைக் கிழிக்கத் தேவையில்லை. அதையும் எழுதினேன்.

மிருகவதைக்கு எதிரான சட்டம் எங்கள் நாட்டில் இல்லாமலில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதில் போட்டிருக்கும் தண்டம் அந்த நாளில் பெரிய தொகையாக இருந்திருக்கும். இன்று அதற்கு ஒரு சோற்றுப் பார்சலும் வாங்க முடியாது. புதிய சட்டம் வருகிறது, வருகிறது என்று வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களானதிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வரைபு வரும். கருத்துக் கேட்பார்கள். அரசாங்கம் மாறும். பிறகு இன்னொரு வரைபு வரும். ஆரம்பத்தில் ஒவ்வொரு வரைபையும் சொல்லுக்குச் சொல் படித்தேன். பிறகு பக்கங்களைப் புரட்டினேன். அதற்குப் பிறகு தலைப்பை மட்டும் பார்த்தேன்.

மாடுகள் எல்லாம் வழக்குச் சான்றுப்பொருட்களாகிவிட்டன. பொலிஸ் நிலையத்தின் பின்வளவில், மணல் கடத்திப் பிடிபட்ட உழவு இயந்திரங்களுக்கும் துருப்பிடித்த மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே, இருந்த ஒரே வேம்பைச் சுற்றிக் கட்டினார்கள். உழவு இயந்திரம் வருடக்கணக்காக அங்கே நிற்கலாம். அதற்குப் பசிக்காது.

அன்று மத்தியானத்துக்கு முன்பே செம்மாட்டின் சொந்தக்காரி வந்துவிட்டா. என் வயதுதான் இருக்கும். புருசன் செத்துப்போய், மகள் கலியாணம் செய்து வன்னிக்குப் போன பிறகு தனியாக இருக்கிறா. வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை, அதோடு இந்த ஒரு மாடு. தேத்தண்ணிக் கடை ஒன்றுக்குப் பால் கொடுக்கிறா. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஒருவர் ஓடி வந்ததும், அவவின் குரல் கேட்டவுடன் செம்மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியதும்தான்.

"உது என்ரை மாடு மிஸ். ராத்திரிக் கொட்டிலுக்கை நிண்டது. விடியப் பாத்தால் கண்டுக்குட்டி மட்டும் நிண்டு கத்துது. ஐயோ, காதைப் பாருங்கோ, காதை!"

பக்கத்தில் நின்ற சார்ஜன் குருணாகல் பக்கத்துக்காரர். அவர் வீட்டிலும் மாடுகள் உண்டு. தமிழ் கொஞ்சம்தான் வரும். கண்டிப் பக்கம் படித்ததில் எனக்குச் சிங்களம் வரும் என்பதால் நாங்கள் இருவரும் சிங்களத்திலேயே கதைப்போம்.

"அது இந்த அம்மாவின் மாடுதான் மிஸ்," என்றார் மெதுவாக. "எனக்குத் தெரியுது. மாட்டுக்கும் தெரியுது. நீதவானுக்குத் தெரிய வேணுமே."

நீதிமன்றம் விடுவிக்கும்வரை மாடு கிடைக்காது என்று அவவுக்குத் தமிழில் சொன்னேன். அவ என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. விளங்காத மொழியில் எதையோ சொன்னதுபோலத்தான் பார்த்தா.

"அப்ப பால்?" என்று கேட்டா. "கறக்காட்டி மடி பழுதாப் போகுமே. அங்கை கண்டு பசியிலை நிக்குது."

அவ கேட்டது சரி. நான் நிலையப் பொறுப்பதிகாரியிடம் போய், இந்தப் பசுவைக் காலையும் மாலையும் கறக்காவிட்டால் மடிவீக்கம் வரும் என்றேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் விதிகளுக்குப் பயந்தவர். கனநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"கறக்கிற பால் யாருடையது? அதுவும் சான்றுப்பொருளா?"

யாரும் சிரிக்கவில்லை. அது உண்மையான கேள்வி. பால் கறப்பது மருத்துவத் தேவை என்று நான் எழுதித் தருவதென்றும், கன்று வந்து குடிக்கலாம் என்றும், மிச்சத்தை அந்தப் பெண் கொண்டுபோகலாம் என்றும் கடைசியில் முடிவானது.

அன்றிலிருந்து அவ காலையும் பின்னேரமும் வந்தா. ஒரு கையில் சைக்கிள், மறு கையில் கன்றின் கயிறு, கைபிடியில் பால் போத்தலும் கழுநீர் வாளியும். வாசலில் காவல் நின்ற கான்ஸ்டபிள்கள் முதல் நாள் சிரித்தார்கள். பிறகு அவ வரும் நேரத்துக்குப் படலையைத் திறந்துவைத்தார்கள். அவ பசுவின் நெற்றியில் கை வைத்து, "வா மோனை, வா," என்பா. அதற்கென்று பெயர் எதுவும் இல்லை. கன்று முட்டிக் குடிக்கும்போது சார்ஜன் கதிரையை வெளியே இழுத்துப்போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த சொற்கள் ஒரு கைப்பிடியும் இராது. ஆனாலும் மாட்டைப் பற்றி நிறையக் கதைத்தார்கள்.

மற்ற மாடுகளுக்கு அப்படி யாரும் வரவில்லை. அவற்றின் சொந்தக்காரர்கள் எந்த ஊரோ. பொலிஸிடம் மாட்டுத் தீனுக்கு நிதியில்லை. பிரதேச சபை, தெருவில் திரியும் கட்டாக்காலி மாடுகள்தான் தங்கள் பொறுப்பு, வழக்கு மாடுகள் இல்லை என்றது. எங்கள் திணைக்களத்தில் மருந்துக்கு ஒதுக்கீடு உண்டு. வைக்கோலுக்கு இல்லை. நான் மூன்று இடத்துக்கும் ஏறி இறங்கினேன். எல்லோரும் கதிரை தந்து, தேத்தண்ணி தந்து, தங்களால் ஏன் முடியாது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. யாராவது ஒருவர் பொய் சொல்லியிருந்தால் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

தெரிந்த கமக்காரர் ஒருவர் தன் வயல் வைக்கோலைத் தந்தார். ஒரு கோயிலில் அன்னதானத்துக்கு வெட்டிய வாழைத்தண்டுகளை அனுப்பினார்கள். எங்கள் அலுவலக உதவியாளர் வீட்டிலிருந்து வரும்போது மோட்டார் சைக்கிளில் பூவரசங்குழை கட்டிக்கொண்டு வருவார். ஒரு கிழமைக்கு இது ஓடியது. வழக்குத் தவணை தள்ளிப்போனது. பசுவின் சொந்தக்காரி இவதான் என்று கிராம சேவையாளர் வந்து சொல்ல வேண்டும். அவர் சுகவீன விடுமுறையில் இருந்தார். மீண்டும் தவணை.

பிறகு மழை தொடங்கியது.

கார்த்திகை மழையில் எங்கள் செம்மண் எப்படியாகும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பின்வளவு குழம்பாகிவிட்டது. வேம்பின் கீழ் கொஞ்சம் மேட்டில் நின்றவை பரவாயில்லை. மற்றவை கணுக்கால் அளவு சேற்றில் நின்றன. குளம்புகளுக்கிடையில் புண் வந்தது. ஈரத்தில் நின்று நின்று இரண்டு மாடுகளுக்குக் காய்ச்சல். நான் ஊசி போட்டேன். உலர்ந்த இடம் ஒன்று கொடுக்காமல் ஊசி போடுவது, ஓட்டை வாளிக்குள் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். இருந்தும் போட்டேன். வேறு என்ன செய்ய?

அந்த நாட்களில்தான் புதிய வரைபு பற்றிய கலந்துரையாடலுக்கு அழைப்பு வந்தது. மாவட்டச் செயலகமான கச்சேரியின் மாநாட்டு மண்டபத்தில் கூட்டம். எனக்குப் போக விருப்பமில்லை. எங்கள் பணிப்பாளர், "நீங்கள் கட்டாயம் போகவேணும், வழக்கு அனுபவம் உங்களுக்குத்தான் கூட," என்றார். றப்பர் சப்பாத்தைக் கழற்றி, சேலை உடுத்திப் போனேன்.

கொழும்பிலிருந்து வந்த அதிகாரி இளம் ஆள். அக்கறையானவர் என்பது முகத்தில் தெரிந்தது. வரைபில் உள்ளவற்றை அவர் சிங்களத்தில் சொல்ல, ஒருவர் தமிழில் மொழிபெயர்த்தார். மிருகத்தை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதற்கு உணவும் நீரும் தங்குமிடமும் சிகிச்சையும் கொடுக்கும் கடமை உண்டு. மிருகத்துக்கு வலி உண்டு, பயம் உண்டு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும். கொடுமைக்குத் தண்டம் உயரும், சிறையும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் இதை யாராவது வாசித்திருந்தால் நான் அழுதிருப்பேன்.

கோயில் தர்மகர்த்தா ஒருவர் எழுந்து, கிடாய் வெட்டும் வேள்வியைப் பற்றி இதில் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் பெண்மணி ஒருவர் அவரோடு வாக்குவாதப்பட்டார். பிறகு மாட்டுவண்டிச் சவாரிப் போட்டிக்காரர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சவாரி மாட்டை நாங்கள் பெத்த பிள்ளைக்கு மேலாப் பாக்கிறம். முட்டை குடுக்கிறம், உழுத்தங்களி குடுக்கிறம். உந்தச் சட்டம் எழுதின ஆக்கள் எப்பவாவது ஒரு மாட்டுக்கு உழுத்தங்களி தீத்தியிருக்கினமோ?"

மண்டபம் கைதட்டியது. அவர் சொன்னது உண்மைதான். அவருடைய மாடுகளை எனக்குத் தெரியும். பட்டுப்போல வைத்திருப்பார். சவாரி முடிந்த பின்னேரங்களில், ஆணி வைத்த துவரங்கம்பால் கிழிந்த அதே மாடுகளின் தொடையைத் தைத்திருப்பதும் நான்தான். தைக்கும்போது அவர் மாட்டின் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்கலங்குவார். இரண்டும் உண்மை. அந்த மண்டபத்தில் இதைச் சொல்ல எனக்குத் தென்பில்லை.

என் முறை வந்தபோது ஒன்றை மட்டும் கேட்டேன்.

"பிடிபடுகிற மிருகங்களை வழக்கு முடியும்வரை எங்கே வைப்பது? யார் தீன் போடுவது?"

அதிகாரி தலையாட்டினார். "மிக முக்கியமான கேள்வி, டொக்டர்," என்றார். "அது பிறகு ஒழுங்குவிதிகளில் சேர்க்கப்படும்."

"ஒழுங்குவிதி எப்ப வரும்?"

"சட்டம் நிறைவேறிய பிறகு."

"சட்டம்?"

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. தனக்கும் அதுதான் தெரியவில்லை என்ற சிரிப்பு. அவரோடு எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், திரும்பிப் போகும் ரயிலுக்கு அவர் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு நிற்காமல் நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். சார்ஜன் குடை பிடித்துக்கொண்டு வளவில் நின்றார். கறுத்த நாம்பன் ஒன்று எழும்பாமல் கிடந்தது. நானும் அவரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் வயிற்றுக்குக் கீழே சாக்கைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தோம். சேலைக்கரை சேற்றில் ஊறியது. தூக்கினால் நின்றது. விட்டால் விழுந்தது. கடைசியில் அதன் தலைக்குக் கீழே ஒரு சாக்கை மடித்து வைத்தார் சார்ஜன்.

"நாங்கள் இவற்றைக் காப்பாற்றினோம் என்று பேப்பரில் போட்டார்கள் மிஸ்," என்றார். "படமும் போட்டார்கள்."

அது அடுத்த நாள் செத்தது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு.

அந்தக் கிழமை வெள்ளத்தில் வீட்டு ஒழுங்கைப் பாதை மூடிவிட்டதால் அந்தப் பெண்ணால் கன்றைக் கொண்டுவர முடியவில்லை. தான் மட்டும் இடுப்பளவு தண்ணீருக்குள்ளால் நடந்து வந்து கறந்தா. ஒரு பின்னேரம் வர முடியவில்லை. அடுத்த நாள் நான் போனபோது அவ பசுவின் கீழே குந்தியிருந்தா. போத்தலை எனக்கு நீட்டிக் காட்டினா. பாலில் திரள் திரளாக வெள்ளைக் கட்டிகள்.

"என்ன மிஸ் இது?"

அவவுக்குத் தெரியாமல் கேட்கவில்லை. நான் வேறு ஏதாவது சொல்லமாட்டேனா என்றுதான் கேட்டா. மடியைத் தொட்டேன். பின்பக்கம் இரண்டு காம்பும் கொதித்தன. சேற்றில் படுத்த மாட்டுக்கு இது வராமலிருந்தால்தான் ஆச்சரியம். மருந்தை ஏற்றினேன். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். சார்ஜன் தேத்தண்ணிக்கு வைத்த கேத்தல் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒருவாறாகத் தவணை வந்தது. கிராம சேவையாளர் சுகமாகி வந்து சாட்சி சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். லொறியில் கண்டதையெல்லாம் சொன்னேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். குரலை உயர்த்தாமல் கேட்கும் ரகம்.

"டொக்டர், லொறியில் எத்தனை மாடு இறந்திருந்தது?"

"ஒன்று."

"பொலிஸ் நிலைய வளவில் வைத்த பிறகு?"

அவர் காத்திருந்தார்.

"மூன்று."

"அப்படியென்றால், மாடுகளுக்கு எந்த இடம் ஆபத்தானது என்று உங்கள் மருத்துவ அறிவு சொல்லுகிறது?"

மன்றுக்குள் யாரோ சிரித்தார்கள். லொறிக்காரர் சிரிக்கவில்லை. குற்றவாளிக் கூண்டில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாடுகளை லொறிக்குள் அப்படி அடைத்துக் கட்டாமல் விட்டிருந்தால் அவை வளவுக்கு வந்தே இரா என்று சொல்லியிருக்கலாம். வரும்போதே நலிந்துபோய்த்தான் வந்தன என்றும் சொல்லியிருக்கலாம். அவையும் உண்மை. ஆனால் அந்தக் கறுத்த நாம்பனின் தலைக்குக் கீழே மடித்து வைத்த சாக்கு என் கண்ணுக்குள் நின்றது.

"இரண்டும்," என்றேன்.

நீதவான் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தீன் போடுவது யார் என்று கேட்டார். வைக்கோல் தந்த கமக்காரர், வாழைத்தண்டு, பூவரசங்குழை எல்லாம் சொன்னேன். பசுவை யார் கறக்கிறார்கள் என்று கேட்டார். மன்றின் பின்வாங்கில் இருந்த பெண்ணைக் காட்டினேன். அவ பதறி எழுந்து கும்பிட்டா. அன்றே பசுவைப் பிணையில் அவவிடம் ஒப்படைக்கவும், மற்ற மாடுகளை அரச பண்ணை ஒன்றுக்கு மாற்றவும் கட்டளையானது. இந்தக் கட்டளையை முதல் தவணையிலேயே கேட்டு வாங்கியிருக்கலாமா என்று வெளியே வந்து ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன். கேட்டிருக்கலாம், ஆனால் கேட்க வேண்டியது யார் என்று சட்டத்தில் தெளிவில்லை என்றார்.

பசுவைக் கொண்டுபோன பின்னேரம் மழை விட்டிருந்தது. சார்ஜன் வீதிக்கு நடுவில் போய் நின்று வாகனங்களை மறித்தார். ஏதோ அமைச்சர் போகிறார் என்று நினைத்த ஒரு பஸ் சாரதி எட்டிப் பார்த்தார். அவ பசுவை நடத்திக்கொண்டு போனா. மாடு நொண்டியது. அவ அவசரப்படுத்தவில்லை. அது நின்ற இடங்களில் தானும் நின்றா.

இரண்டு காம்பும் பிழைக்கவில்லை. மாசியில் போய்ப் பார்த்தபோது அவை சூம்பிப்போயிருந்தன. மிச்ச இரண்டில் கறப்பது கன்றுக்கே போதவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் வேறிடத்தில் பால் எடுக்கத் தொடங்கிவிட்டார். அவ விடியவே வெங்காயத் தோட்டத்துக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிறா. பக்கத்து வீட்டார் மாட்டைக் கொடுத்துவிடச் சொல்லித் திட்டுகிறார்களாம்.

"நீங்கள் என்ன சொல்லுறியள் மிஸ்?"

மிருக வைத்தியராக எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். இரண்டு காம்பு செத்த மாட்டை வைத்திருப்பது நட்டம். அதைச் சொல்லவும் செய்தேன்.

"ஓம், தெரியும்," என்றா. "ஆனா உதை ஆர் வாங்குவினம்? பால் இல்லாத மாட்டை வாங்கிறவன் என்னத்துக்கு வாங்குவான்? பேந்து திரும்பவும் அதே லொறிதானே."

பெர்மிற் எடுத்து, இடம் விட்டுக் கட்டி, தண்ணீர் வைத்துக் கொண்டுபோனால் எந்தச் சட்டத்திலும், பழையதிலும் புதிதிலும், அது குற்றமில்லை.

"இப்ப நிக்கட்டும்," என்றா அவ. "ஏலாத காலம் வந்தால் பாப்பம்." சொல்லிவிட்டு, நான் கைகழுவச் செம்பில் தண்ணீர் வார்த்தா.

லொறிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். லொறியும் திரும்பக் கிடைத்தது. அந்த வழக்கு அப்படி முடிந்தது.

வைகாசியில் ஒரு நாள், அலுவலகத்தை மூடப்போகும் நேரம், ஒருவர் சாரத்தால் சுற்றிய நாயைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடி வந்தார். போட்டிருந்த சேட்டெல்லாம் இரத்தம். மேசையில் கிடத்திய பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். லொறிக்காரர். என்னைக் கண்டதும் அவரும் ஒரு கணம் தயங்கினார்.

"மிஸ், பஸ் அடிச்சுப்போட்டுது. கெதியாப் பாருங்கோ. மூச்சு இருக்குது."

சாதாரண ஊர்நாய். பின்னங்கால் நொறுங்கியிருந்தது. வலியில் அது அவர் கையைக் கடித்தது. அவர் கையை இழுக்கவில்லை. "கடி ராசா, கடி," என்று மற்றக் கையால் அதன் தலையைத் தடவினார். அழுதுகொண்டிருந்தார். மூக்கைச் சேட்டுக் கையில் துடைத்துத் துடைத்து அழுதார். உதவியாளர் என்னைப் பார்த்தார். மாட்டு லொறி வந்த நாள் அவரும் என்னோடு இருந்தவர்.

கோபம் வரவேண்டிய நேரம் என்று எனக்குத் தெரிந்தது. தேடிப் பார்த்தேன். அலுப்புத்தான் இருந்தது. இந்தக் கண்ணீர் பொய்யில்லை. அந்தக் கயிறுகளும் பொய்யில்லை. மயக்க ஊசியைப் போட்டுவிட்டுக் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றேன்.

"எடுங்கோ மிஸ். உயிர் தப்பினால் போதும்."

வேலை முடியும்வரை அவர் வெளியே போகவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றார். கட்டுப்போடும்போது மெதுவாகச் சொன்னார்:

"என்னோடை உங்களுக்குக் கோவம் இருக்கும்."

"நாயின்ரை தலையைப் பிடியுங்கோ, அசையுது," என்றேன்.

அவர் பிடித்தார். பிறகு, நான் கேட்காமலே, இப்போது லொறியில் கல்லும் மணலும்தான் ஏற்றுவதாகச் சொன்னார். உண்மையோ தெரியாது. நான் விசாரிக்கவுமில்லை. கடித்த கைக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினேன்.

நாய் பிழைத்தது. மூன்று காலில் நடக்கிறதாம். ஆனியில் ஒரு பனையோலைக் கடகம் நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அலுவலகத்துக்கு வந்திருந்தது. அவர்தான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார் என்றார்கள். அறை முழுக்க வாசம். உதவியாளர் முதலில் தொடமாட்டேன் என்றார். மத்தியானம் பார்த்தால் கொட்டையைச் சூப்பிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது என் பங்குக்கு வைத்திருந்ததில் இரண்டைப் பையில் போட்டேன். வழியில் அந்தப் பெண்ணின் ஒழுங்கை வரும். கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அவ வாங்கிக்கொண்டு எங்கேயிருந்து வந்தது என்று கேட்பா. கேட்டால் சொல்ல வேண்டும். ஒழுங்கை முகப்பில் ஸ்கூட்டியின் வேகத்தைக் குறைத்தேன். உள்ளே அவ வேலியோரம் குனிந்து மாட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்தா. அவ என்னைக் கவனிக்கவில்லை. நான் நிற்காமல் வீட்டுக்குப் போனேன்.